சிறு வைரங்கள் பதித்த மெல்லிய மோதிரம்: கல் உதிருமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் நிச்சயதார்த்தம். பெண் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். நடுவில் ஒரு வைரம், வளையத்தைச் சுற்றிலும் பொடிப்பொடியாகச் சின்ன வைரங்கள், நூல் மாதிரி மெல்லிய மோதிரம். கடையில் கேட்டால் 1.6 மி.மீ. அகலத்தில், 1.3 மி.மீ. கற்களை முழுச்சுற்றும் பதித்து, 18 கேரட்டில் செய்து தருகிறோம் என்கிறார்கள். அம்மாவோ, "சின்னக் கல்லெல்லாம் உதிர்ந்துபோகும், 916-லேயே ஒத்தைக் கல்லா வாங்கு" என்கிறார். பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, நாளெல்லாம் கையுறை. யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, அம்மா சொல்வதில் பாதி சரி, கடைக்காரர் சொல்வதிலும் பாதி சரி. நான் கோவையில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடம் கல் பதித்தவன். கண் ஒத்துழைக்காமல் போனபிறகு, மற்றவர்கள் பதித்ததை லென்ஸ் வைத்துச் சோதித்து அனுப்புகிற வேலைக்கு மாறிவிட்டேன். கல் விழுந்து திரும்பி வருகிற மோதிரங்களும் என் மேசைக்குத்தான் வரும். அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது இதுதான்: கல் உதிர்வதற்குக் கல் காரணம் இல்லை, அதைப் பிடித்திருக்கிற தங்கம்தான் காரணம். கடைக்குப் போகிற எல்லோரும் குனிந்து கல்லைப் பார்க்கிறார்கள். நீங்கள் வளையத்தைப் பாருங்கள்.

உங்கள் கடைக்காரர் சொன்ன அளவையே எடுத்துக்கொள்வோம். அகலம் 1.6, கல்லின் விட்டம் 1.3. மீதி 0.3 மி.மீ. அதை இரண்டு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்கு 0.15. கல்யாணப் பத்திரிகை அட்டைகூட இதைவிடத் தடிமனாக இருக்கும். இந்த 0.15-லிருந்துதான் கல்லைப் பிடிக்கும் குட்டி நகங்களையும் கிளப்ப வேண்டும். பிறகு பாலிஷ் போடும்போது அதிலும் கொஞ்சம் தேயும்.

ஆழத்தையும் பாருங்கள். வட்ட வைரத்தின் உயரம் அதன் விட்டத்தில் ஏறக்குறைய 60 சதவீதம். 1.3 மி.மீ. கல்லுக்கு 0.8 மி.மீ. ஆழம் குடைய வேண்டும். வெளிச்சம் வரவும் அழுக்கு வெளியேறவும் அடியில் ஒரு துளையும் வேண்டும். வளையத்தின் கனம் 1.3 என்றால் கல்லுக்கு அடியில் மிஞ்சுவது அரை மில்லிமீட்டர். அதுவும் துளைகள் போட்ட அரை மில்லிமீட்டர்.

இப்படிப்பட்ட மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு தண்ணீர் வாளியைத் தூக்கினால் வளையம் மயிரிழை அளவு நசுங்கி முட்டை வடிவத்துக்குப் போகும். கையை விட்டதும் திரும்பி வரும். தங்கம் இப்படி வளைந்து கொடுக்கும், வைரம் கொடுக்காது. ஒவ்வொரு முறையும் நகத்துக்கும் கல்லுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும். ஒருநாள் தலை துவட்டும்போது துண்டில் மாட்டி, கல் போய்விடும். அப்போது, "ஒண்ணுமே பண்ணலைங்க, தானா விழுந்திருச்சு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வாளி தூக்கியதை யார் கணக்கு வைத்துக்கொள்வார்கள்?

எனவே என் கணக்கு: அகலம் 2 மி.மீ., கனம் 1.7 மி.மீ. இதற்குக் கீழே போகாதீர்கள். 1.3 மி.மீ. கல்லுக்கு இது போதும். 1.5 மி.மீ. கல் வேண்டுமென்றால் அகலம் 2.2 ஆகட்டும். விரலில் போட்டுப் பார்த்தால் 1.6-க்கும் 2-க்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. படத்தில்தான் தெரியும். அந்தப் படங்களில் பலவும் கணினியில் வரைந்தவை. யாரும் போட்டுத் தேய்த்துப் பார்த்த மோதிரங்கள் அல்ல.

கடைகள் ஏன் மெலிதாகச் செய்கின்றன என்றால், விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. 12-ஆம் எண் மோதிரம், அதாவது உள்விட்டம் சுமார் 16.5 மி.மீ. இருப்பது, 2-க்கு 1.7 கனத்தில் 18 கேரட்டில் செய்தால் வளையம் மட்டும் சுமார் 3 கிராம் வரும். கனத்தை 1.4-ஆகக் குறைத்தால் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். அந்த அரை கிராமுக்காகத்தான் இவ்வளவும். பல வருடங்களுக்கு முன் ஒரு கடை இப்படித்தான் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நின்றது. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனாலும் பதித்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அந்த மோதிரம் ஐந்து கல் இல்லாமல் திரும்பி வந்தது. கூடவே வந்த சீட்டில் "பதிப்பு சரியில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்தது, கல் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது. முழுச்சுற்றும் பதிப்பது நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளங்கைப் பக்கம் இருக்கிற கல்லை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அடி முழுக்க அதற்குத்தான். ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர், பஸ் கம்பி, குக்கர் கைப்பிடி, தேங்காய் துருவி, எல்லாம் உரசுவது அந்தப் பக்கம்தான். அதைவிடப் பெரிய சிக்கல், முழுச்சுற்று மோதிரத்தை அளவு மாற்ற முடியாது. வெட்டிச் சேர்க்க வெறும் தங்கம் எங்கேயாவது இருக்க வேண்டுமே. கல்யாணத்துக்குப் பின், குழந்தை பிறந்தபின் விரல் மாறும். மாறாத விரலை நான் பார்த்ததில்லை.

பாதிச்சுற்று பதித்தால் கையை நேராகப் பார்க்கும்போது முழுச்சுற்று மாதிரியேதான் தெரியும். மேல் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று நினைத்தால் இன்னும் பத்திரம். பாதிச்சுற்றில்கூட ஓரிரண்டு எண் வரைதான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அதற்குமேல் போனால் வளையத்தின் வளைவே மாறி, மேலே இருக்கிற நகங்கள் விலகும் அல்லது கல்லை நெரிக்கும். அளவு மாற்றிக் கொண்டுவந்த ஒரு மாதத்தில் கல் விழுந்தால் காரணம் இதுதான்.

அளவு என்றதும் ஒன்று. மேடையில் பெரியவர்கள் வலது கையில் போடச் சொல்வார்கள், பெண் பிறகு இடது கைக்கு மாற்றிக்கொள்வார். வேலை செய்கிற கையின் விரல் வழக்கமாகக் கொஞ்சம் பருமனாக இருக்கும். இரண்டு கையையும் அளந்துவிட்டு, தினமும் எந்தக் கையில் போடுவார் என்று கேட்டு முடிவெடுங்கள். காலையில் அளக்காதீர்கள், சாயங்காலம் விரல் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளப்பது நல்லது. அகலமான மோதிரம் என்றால் அதே எண் இறுக்கமாகத் தெரியும், 2 மி.மீ.-க்கு அந்தக் கவலை இல்லை. என்னைக் கேட்டால் இடது கைதான். வலது கையில் சாப்பிடுகிறோம். சாம்பார் சாதம் பிசைந்த கையில் இருக்கிற மோதிரத்தின் பின்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் உங்களுக்கு அந்த மோதிரமே வேண்டாம் என்று ஆகிவிடும்.

சரி, பதிக்கிற முறைக்கு வருவோம். படத்தில் இருப்பதைக் கடையில் "பாவே" என்பார்கள். கல் பாவிய தெரு என்கிற அர்த்தத்தில் வரும் பிரெஞ்சுச் சொல். நாமும் கல் பாவுவது என்றுதானே சொல்கிறோம், ஒலி ஒத்துப்போவது தற்செயல். வளையத்தில் துளை போட்டு, கல்லை உட்கார வைத்து, பக்கத்துத் தங்கத்திலிருந்தே சிறு துளிகளைக் கிளப்பி, உருட்டி, கல்லின் விளிம்பில் அமுக்குவது. நான் நகம் என்று சொன்னது இந்தத் துளியைத்தான், ஒவ்வொரு கல்லுக்கும் நான்கு வேண்டும். சில இடங்களில் வேலை மிச்சம் என்று இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். மைக்ரோ பாவே என்பது இதையே மைக்ராஸ்கோப் வைத்து ஒரு மில்லிமீட்டர், அதற்கும் கீழான கற்களுக்குச் செய்வது. நன்றாகச் செய்தால் தங்கமே தெரியாமல் பனித்துளி வரிசை மாதிரி இருக்கும். அந்தத் தங்கம் தெரியாததுதான் அதன் பலவீனமும்.

சேனல் என்பது இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் கற்களை வரிசையாக நிறுத்துவது. நகமே கிடையாது. பட்டுப்புடவையில் நூல் இழுக்காது, தலைமுடி சிக்காது, கையுறையில் மாட்டாது. மினுமினுப்பு கொஞ்சம் குறைவு. ஆனால் பலமாக அடிபட்டு ஒரு பக்கச் சுவர் விலகினால் ஒரு கல் இல்லை, வரிசையாக நான்கைந்து கல் ஆடும். அளவு மாற்றவும் மிகக் கடினம். பொது நகம் என்று இன்னொன்று, பக்கத்துப் பக்கத்துக் கல் இரண்டையும் ஒரே நகம் பிடித்திருக்கும். பக்கவாட்டிலிருந்தும் ஒளி நுழைவதால் ஜொலிப்பு அதிகம். ஒரு நகம் தேய்ந்தால் இரண்டு கல்லுக்கும் ஆபத்து என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை: "இது கையால் பதித்ததா, மெழுகிலேயே பதித்ததா?" மெழுகு அச்சில் கற்களை வைத்து, அப்படியே உருக்கிய தங்கத்தை ஊற்றி வார்க்கிற முறை ஒன்று உண்டு. சீக்கிரம் ஆகும், கூலி குறைவு. தவறான முறை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிறகு ஒரு கல்லை மாற்ற வேண்டி வந்தால் பட்டறைக்காரர் திட்டிக்கொண்டேதான் செய்வார்.

இப்போது அம்மாவின் 916. இங்கே அம்மா பக்கம் நிற்க முடியாது. 916 என்பது 22 கேரட், 91.6 சதவீதம் தங்கம். 18 கேரட்டில் 75 சதவீதம், நகையில் 750 என்று இருக்கும். 22 கேரட் மெத்தென்றது. பெரிய கல்லைச் சுற்றிக் கனமாகத் தங்கம் வைத்துக் கட்டுகிற நம் பழைய வைரத்தோட்டுக்கு அது பொருந்தியது. தோடு காதில் சும்மா இருக்கும், வாளி தூக்காது. கால் மில்லிமீட்டர் நகத்துக்கு 22 கேரட் தாங்காது. அம்மாவிடம், "18-ல் முக்கால் பங்கு தங்கம்தான் அம்மா, அந்த முக்கால் பங்குக்குத்தான் விலை" என்று சொல்லுங்கள். விற்கும்போது தங்கத்தின் தரத்துக்கு ஏற்ற விலை கிடைக்கும். குழப்பம் எங்கே வருகிறதென்றால், தங்கத்தின் கேரட் தரத்தைச் சொல்கிறது, வைரத்தின் கேரட் எடையைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

வெள்ளைத் தங்கம் வேண்டுமென்று பெண் கேட்டால், அது தானாகவே அவ்வளவு வெள்ளை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே ரோடியம் பூச்சு போடுவார்கள். தினமும் போட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் தேய்ந்து உள்ளேயிருக்கும் இளமஞ்சள் எட்டிப்பார்க்கும். திரும்பப் பூச்சு போடலாம், ஆனால் அதற்குமுன் பாலிஷ் போடுவார்களே, ஒவ்வொரு பாலிஷிலும் நகம் கொஞ்சம் தேயும். பிளாட்டினம் நல்ல தேர்வு. அதன் நகம் உடையாமல் வளையும். ஆனால் அது கனமான உலோகம். அதே மோதிரம் 18 கேரட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எடை வரும், கூலியும் கூடும். மஞ்சள் தங்கத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நம் தோல் நிறத்துக்கும் அது எடுப்பாக இருக்கும் என்பது என் சொந்த ரசனை. விட்டுவிடலாம்.

கல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாதே. வைர எடையைச் சென்ட்டில் சொல்வோம். 100 சென்ட் ஒரு கேரட், ஒரு கேரட் 0.2 கிராம். 1 மி.மீ. வட்டக் கல் ஏறக்குறைய அரை சென்ட், 1.3 மி.மீ. ஒரு சென்ட், 1.5 மி.மீ. ஒன்றரை சென்ட், 2 மி.மீ. மூன்று சென்ட். உங்கள் மோதிரம் 12-ஆம் எண் என்று வைத்தால், பாதிச்சுற்றுக்கு 1.3 மி.மீ. கல் இருபது இருபத்தொன்று பிடிக்கும், மொத்தம் 20 சென்ட் சொச்சம். 1 மி.மீ. கல்லென்றால் இருபத்தேழு வரை பிடிக்கும், எடையோ 13, 14 சென்ட்தான். கல் எண்ணிக்கை கூடுவதும் எடை கூடுவதும் வேறு வேறு என்பதைப் பாருங்கள். கல் கூடக்கூடக் கூலிதான் ஏறும்.

"அரை கேரட் மோதிரம்" என்று சொல்லி விற்கிற இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். நடுக்கல் 30 சென்ட், வளையத்தில் 20 சென்ட், கூட்டினால் அரை கேரட். ஒற்றைக் கல்லாக அரை கேரட் என்பதற்கும் இதற்கும் விலையில் எவ்வளவோ தூரம். சிறு கற்களுக்குக் கேரட் விலை குறைவு, பெரிய கல்லுக்குத்தான் அது எகிறும். நடுக்கல்லின் எடை தனி, பக்கக் கற்களின் எண்ணிக்கையும் எடையும் தனி என்று பில்லில் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

தரத்தில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. நம் ஊரில் இஎஃப் நிறம் (மஞ்சள் சாயல் இல்லாத வெள்ளை), விவிஎஸ் சுத்தம் (உள்ளே மிக மிக நுண்ணிய குறை மட்டும்) என்று சொல்லாவிட்டால் வைரமே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. நடுக்கல்லுக்கு அது உங்கள் விருப்பம். 1.3 மி.மீ. கல்லில் விவிஎஸ்-க்கும் விஎஸ்-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தே நான் திணறுவேன், தாம்பூலம் வாங்க வரும் சித்தியா பார்க்கப்போகிறார்? மஞ்சள் தங்கத்துக்கு அதற்கு ஒரு படி கீழான ஜிஹெச் நிறம், விஎஸ் சுத்தம், அழகாக இருக்கும். சுத்தத்தில் அடுத்த படியான எஸ்ஐ-யும் பல நேரம் போதும். அதற்கும் கீழே இறங்காதீர்கள். மலிவுக் கற்கள் சாம்பல் பூத்தமாதிரி இருக்கும், உள்ளே விரிசல் இருந்தால் பதிக்கும்போதே சில்லு விழும். உண்மையில் பார்க்க வேண்டியது பட்டையும் ஒற்றுமையும்தான். முழுப் பட்டை போட்ட கல்லில் 57 முகம் இருக்கும், சிங்கிள் கட் என்கிற எளிய வெட்டில் 17. இரண்டும் மினுங்கும் விதமே வேறு. வரிசையில் ஒரு கல் மட்டும் மஞ்சளாகவோ மங்கலாகவோ இருந்தால் அது எவ்வளவு சின்னதானாலும் கண்ணில் குத்தும். உலகத்துச் சிறு வைரங்களில் பெரும்பகுதி சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது. அங்கே சல்லடையில் சலித்து அளவு பிரிக்கிறார்கள். நல்ல கடை ஒரே சலிப்பிலிருந்து எடுத்த கற்களைத்தான் ஒரே மோதிரத்துக்கு வைக்கும்.

வீட்டில் பாட்டி இருந்தால், "ப்ளூ ஜாகரா?" என்று கேட்பார். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்து வைரத்துக்கு வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. நல்ல வெள்ளைக் கல்லா என்று பாட்டி கேட்கிறார், அவ்வளவுதான். "ஆமாம் பாட்டி" என்று சொல்லிவிடலாம்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் அந்தப் பேச்சு வரும். அதுவும் வைரம்தான், கண்ணாடியோ ஜிர்கானோ இல்லை. 2023 மத்திய பட்ஜெட்டில் அதன் ஆராய்ச்சிக்கென்று ஐந்து வருடத்துக்கு நிதி அறிவித்து, அந்தப் பொறுப்பைச் சென்னை ஐஐடிக்குக் கொடுத்தார்கள். நடுக்கல்லில் விலை மிச்சம் பெரிது, திரும்ப விற்கும்போது கிடைப்பதும் அதற்கேற்ற மாதிரி மிகக் குறைவு. வளையத்துச் சிறு கற்களில் தங்கமும் கூலியும்தான் பெரும்பங்கு என்பதால் மிச்சம் சொற்பம். எதை வாங்கினாலும் சரி, "இயற்கை" அல்லது "ஆய்வக வளர்ப்பு" என்று நடுக்கல்லுக்கும் பக்கக் கற்களுக்கும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். பெரிய ஆய்வகங்கள் ஒரு சென்ட் கல்லுக்குத் தனிச் சான்றிதழ் தருவதில்லை. ஐஜிஐ, எஸ்ஜிஎல் மாதிரி இடங்கள் முழு நகைக்கு ஒரு சான்றிதழ் தரும், அதில் மொத்த எடையும் தரமும் இருக்கும். கடையில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து "பீப்" என்று சத்தம் வரவைத்துக் காட்டுவார்கள். அது சூடு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதைத்தான் சோதிக்கிறது. பூமியில் எடுத்ததா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று அதற்குத் தெரியாது.

பில்லில் இன்னொரு கணக்கு. மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் இருக்க வேண்டும். 50 சென்ட் வைரம் என்றால் கல் எடை 0.1 கிராம். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தபின் வருவதற்குத்தான் தங்க விலை. செய்கூலி, சேதாரம் இரண்டையும் தனியாகக் கேளுங்கள், சிறு கல் மோதிரத்தில் கூலி கூடத்தான் இருக்கும், அதில் ரொம்பப் பேரம் பேசினால் நான்கு நகம் இரண்டாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. மோதிரத்தின் உள்பக்கம் பிஐஎஸ் முத்திரை, 750 என்கிற தர எண், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான ஹெச்யூஐடி மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யூஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்தக் குறியைப் போட்டால் விவரம் வந்துவிடும். இரண்டு கிராமுக்கும் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மிக மெலிதான மோதிரம் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மோதிரம் கைக்கு வந்ததும் கடையிலேயே லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். நகங்கள் ஒரே அளவில், உருண்டையாக, கல்லின்மேல் படிந்து இருக்கிறதா? பக்கவாட்டில் பார்த்தால் கற்கள் ஒரே மட்டத்தில் நிற்கிறதா? பின்பக்கத் துளைகள் திறந்து சுத்தமாக இருக்கிறதா? பிறகு ஒரு மெல்லிய துணியை, பட்டுத் துணியாக இருந்தால் நல்லது, வளையத்தின்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் ஏதோ ஒரு நகம் தூக்கிக்கொண்டிருக்கிறது. கடைசியாக மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் சுண்டுங்கள். கிலுகிலுவென்று மெல்லிய சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது, திருப்பிக் கொடுங்கள். அதே சலிப்பிலிருந்து இரண்டு மூன்று கற்களைக் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கி ஒரு பொட்டலத்தில் வையுங்கள். பின்னாளில் ஒன்று விழுந்தால் நிறம் பார்த்து அலைய வேண்டியதில்லை.

வைரம் ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த நாட்களை நான் வீணாக்கமாட்டேன். உங்கள் அக்காவோ அம்மாவோ வீட்டு வேலை செய்யும்போது போட்டிருக்கட்டும். சுழல்கிறதா, குத்துகிறதா, பக்கத்து விரலை அறுக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் கொள்ளை ஆசை, சட்டென்று ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய், மஞ்சள், மாவு எல்லாம் பின்பக்கத் துளையில் அடைந்தால் கல் செத்துப்போனமாதிரி தெரியும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியில் குடிதண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் வெள்ளையாகப் படியும். வீட்டில் அதிர்வு இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள், ஆடுகிற கல் அதில் நிச்சயம் கழன்றுவிடும். நீச்சல் குளத்துக்குப் போகும்போதும் பிளீச்சிங் பவுடரைத் தொடும்போதும் கழற்றிவிட வேண்டும். வருடம் ஒருமுறை பட்டறையில் காட்டி நகங்களை அமுக்கிக்கொள்ளுங்கள்.

இனி கையுறை. கையுறையைக் கிழிப்பது பெரும்பாலும் வளையத்தின் குட்டி நகங்கள் இல்லை, தூக்கி நிற்கும் நடுக்கல்தான். படத்தில் இருப்பது போல உயரமான நான்கு கொம்பு வேண்டாம். நடுக்கல்லைத் தாழ்வாக இறக்கி, சுற்றிலும் மெல்லிய தங்க விளிம்பு கட்டச் சொல்லுங்கள். வளையத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் 1.3 மி.மீ. கற்கள், நான்கு நகம், அகலம் 2, கனம் 1.7, 18 கேரட் மஞ்சள் தங்கம். இதில் கல் பதினான்குதான் வரும், காசும் மிச்சம். அந்த மிச்சத்தைக் கனத்தில் போடுங்கள். படத்தின் அழகு பெருமளவு அப்படியே இருக்கும். பெண்ணிடம் வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுச் செய்யுங்கள், ஆச்சரியம் கொடுக்கிறேன் என்று எதையும் மாற்றாதீர்கள். வேலைநேரத்தில் கழற்ற வேண்டியிருந்தால் கோட்டுப் பையில் போடாமல் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோட்டுப் பையிலிருந்து சலவைக்குப் போன மோதிரம் இரண்டு என் மேசைக்கு வந்திருக்கிறது.

நிச்சயம் ஆவணியில் என்றீர்கள், நல்லதாகப் போயிற்று. ஆடியில் கல்யாணம் இல்லாததால் பட்டறைகளில் கூட்டம் குறைவு, பதிப்பவர் நிதானமாக உட்கார்ந்து வேலை செய்வார். ஆடியில் பல கடைகள் கூலியும் குறைப்பதுண்டு. ஆடி முதல் வாரத்திலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். அட்சய திருதியை சமயத்தில் ராத்திரி ஒரு மணிக்குப் பதித்த மோதிரங்களை நானே பதித்திருக்கிறேன், அவற்றை என் தங்கைக்கு வாங்கமாட்டேன்.

அப்புறம், கல்யாணத்தன்று குடத்துத் தண்ணீருக்குள் மோதிரத்தைப் போட்டு இரண்டு பேரையும் தேடச் சொல்வார்களே, அதற்கு இந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். மாமாவிடம் பழைய மோதிரம் ஒன்று இருக்கும்.